விசில் நிற்கிற இடம்

பணகுடிக்கும் முப்பந்தலுக்கும் நடுவில், நாலுவழிச் சாலையை விட்டு அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிறிய மடம் இருந்தது. மடத்தில் ஆறு பேர். ஐந்து பேர் சீடர்கள். ஆறாவது ஆள் அவர்களுடைய குரு ஆவுடையம்மை.

ஆவுடையம்மைக்கு நாற்பத்து நாலு வயது. மடத்துக்கு வருமுன் பதினொரு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவது அவர் வழக்கம். திரும்பி வரும்போது பதில் இருக்கும். சில சமயம் அதற்கு இரண்டு நாள் ஆகும்.

சீடர்களில் மூத்தவர் பூதலிங்கம். அவருக்கு அறுபத்து மூன்று. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் டிரைவராக இருந்தார். ஒரு விபத்து கிடையாது. குருவை விடப் பத்தொன்பது வயது பெரியவர் என்பதால் குரு அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். அவர் குருவை அம்மா என்றார். இதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

மடத்துக்கு ஒரு வேன் உண்டு. பன்னிரண்டு சீட், உயர்ந்த கூரை. அதற்கு வேலை ஒன்றுதான். சிறுநீரகம் கெட்டுப்போன ஏழு பேரைத் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் அவரவர் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறி ஏற வேண்டும். போகும்போது எப்படியோ ஏறிவிடலாம். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டுத் திரும்பும்போது படியில் கால் தூக்க முடியாது.

ஆனி பிறந்தால் முப்பந்தல் கணவாயில் மேல்காற்று தொடங்கிவிடும். காலையில் தெற்கே போகும்போது அவ்வளவாக இருக்காது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல், வடக்கு நோக்கித் திரும்பும்போது, இடது பக்கத்திலிருந்து வேனை அறையும். பஸ்ஸில் இருந்தவரை பூதலிங்கம் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. வேனில் அது வேறு விதமாக இருந்தது.

அவர் ஒரு நோட்டு போட்டார். முப்பந்தலில் இருந்து மடத்துத் திருப்பம் வரை வண்டி எத்தனை தடவை ஆடுகிறது என்று ஒவ்வொரு நாளும் எழுதினார். முதல் நாள் முப்பத்து நாலு.

கூரைமேல் இருந்த கேரியரைக் கழற்றினார். அதில் ஏற்றி வந்த இரண்டு சக்கர நாற்காலிகளையும் மடக்கி உள்ளே தரையில் போட்டார். இருபத்தேழு ஆயிற்று. டயர் நாலிலும் காற்றை அளந்து, குறைந்திருந்த இரண்டில் ஏற்றினார். இருபத்து மூன்று. பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். பதினாறு.

அதன்பின் இருபத்தைந்து கிலோ மணல் மூட்டை நாலைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். பத்தொன்பதாக ஏறிவிட்டது. அவருக்குப் புரியவில்லை. வள்ளியூரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, பின்னால் கனம் வைத்தால் முன் சக்கரம் பிடிக்காது, முன்னால் கொண்டுபோய்த் தாழ்வாக வையும் என்றார். நாலு மூட்டையும் முன் சீட்டுக்கு அடியில் போயின. ஏழு ஆயிற்று.

ஏழில் ஆறு சின்ன ஆட்டம். ஒன்று மட்டும் பெரியது. அது எப்போதும் ஒரே இடத்தில் வந்தது. சாலைக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை நூற்று நாற்பது அடி நீளத்துக்கு நிற்கும். அதை ஒட்டி வரும்போது வேன் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும்.

வேனில் வருகிறவர்களில் தாசையா முன்பு டீக்கடை வைத்திருந்தவர். வாய் சும்மா இருக்காது. மெஷினில் ரத்தம் சுத்துது, அண்ணாச்சி வேனில் குடல் சுத்துது, இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம் பூர்த்தி என்று சொல்லிக்கொண்டு வருவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். பூதலிங்கம் சிரிப்பதில்லை. இரவு நோட்டில் ஏழு, அதில் பெரியது ஒன்று என்று எழுதி, அந்த ஒன்றுக்குக் கீழே இரண்டு கோடு போடுவார்.

ஆடி எட்டாம் தேதி வியாழக்கிழமை. பாறையை ஒட்டி வேன் அறுபத்தைந்தில் வந்தது. வெட்டு வந்தது. இடது பக்கத்துச் சக்கரம் இரண்டும் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கின. வேன் சாய்ந்தபடி ஓடி நின்றது. முன்னால் ஒரு சிறிய பாலத்தின் கைப்பிடிச் சுவர். சுவருக்கும் வேனுக்கும் பதினொரு எட்டு வைக்கும் தூரம்.

யாருக்கும் எலும்பு முறியவில்லை. ஆனால் செண்பகவல்லியின் கை முன் சீட்டுக் கம்பியில் போய் மோதியது. அன்று ஊசி குத்திய கை. கட்டு நனைந்து, சேலை நனைந்து, சீட்டும் நனைந்தது. பக்கத்தில் இருந்த மரியபாக்கியம் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மடத்துக்கு வந்து சேரும்வரை பன்னிரண்டு நிமிடம் அவள் விரலை எடுக்கவில்லை.

ஆவுடையம்மை கட்டைப் பிரித்து, அழுத்தி, வேறு கட்டுப் போட்டார். ரத்தம் நின்றது. செண்பகவல்லியின் மகன் இசக்கிராஜ் பைக்கில் வந்தான். அவன் கத்தவில்லை. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, இனி இந்த வேனில் என் அம்மா ஏறமாட்டாள் என்று மட்டும் சொன்னான். ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோவாயா என்று தாசையா கேட்டார். அவன் பைக்கைக் கிளப்பினான். வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க அவனால் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் போனபின் பூதலிங்கம் வேன் சாவியைக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தார்.

"என்னால இதை ஓட்ட முடியாதும்மா. கனம் பத்தாது. காத்து தூக்குது."

"எந்தக் காத்து?"

"மேகாத்துதான்."

"மேற்கே இருந்து வரும்."

"ஆமா."

"வண்டி எந்தப் பக்கம் இறங்கிச்சு?"

பூதலிங்கம் கையை இடது பக்கம் நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தார்.

"மேற்கே."



பூதலிங்கம் விளக்கினார். அந்தப் பாறையில் மோதிய காற்று சுழன்று திரும்பும், வண்டியைப் பாறையை நோக்கி இழுக்கும், ஆற்றில் சுழி இழுக்கிற மாதிரி. அதற்கு மருந்து கனம் ஒன்றுதான். இன்னும் நாலு மூட்டை போடலாம், அல்லது இதைக் கொடுத்துவிட்டு மினி பஸ் ஒன்று வாங்கலாம். எதுவானாலும் அதுவரை இந்த வண்டியை எடுக்கக்கூடாது.

"திங்கக்கிழமைக்கு மூணு நாள் முழுசா இருக்கு" என்றார் குரு.

சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார்.

மூன்று நாளில் வண்டி கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்று பூதலிங்கத்துக்கும் தெரியும். டயாலிசிஸ் ஒரு தவணை விட்டால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே இரவைக் கழிக்க வேண்டும். ஏழு பேரில் மூன்று பேர் ஒரு தவணைகூட விட முடியாதவர்கள். அந்த மூன்று பேரில் செண்பகவல்லி ஒருத்தி.

வெள்ளிக்கிழமை காலையில் ஆவுடையம்மை தனியாக பஸ் ஏறினார். ஐந்து ஊரில் ஏழு வீடு. ஏழு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டார். வேனில் வரும்போது எப்போது கம்பியைப் பிடித்துக்கொள்வீர்கள்?

தாசையா யோசிக்கவே இல்லை. "விசில் நின்னதும்" என்றார்.

இடது கதவின் ரப்பர் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. காற்று அடிக்கும்போது அந்த இடுக்கில் சன்னமாக விசில் அடிக்கும். முப்பந்தலில் தொடங்கினால் வழியெல்லாம் அடித்துக்கொண்டே வரும். பாறை வந்ததும் நின்றுவிடும்.

"விசில் நின்னா வெட்டு வரப்போகுதுன்னு அர்த்தம். எங்க எல்லாருக்கும் தெரியுமே. அண்ணாச்சிக்குத் தெரியாதா?"

மரியபாக்கியமும் அதையே சொன்னாள். அடுத்த மூன்று வீட்டிலும் அதே பதில். ஒருவர் மட்டும் தான் வண்டி ஏறியதும் தூங்கிவிடுவதாகவும், வெட்டில்தான் விழிப்பதாகவும் சொன்னார்.

கடைசி வீடு செண்பகவல்லியுடையது. இசக்கிராஜ் வாசலை மறிக்கவில்லை. ஆனால் நாற்காலி போடவும் இல்லை. செண்பகவல்லி பாயில் சாய்ந்திருந்தாள்.

"விசில் நிக்கும் தாயி. உடனே புடிச்சிருவேன். அன்னைக்குக் கம்பி பக்கம் இருந்தது கட்டுப் போட்ட கை. அதான் பிடிக்க முடியலை."

இசக்கிராஜ் அம்மாவைப் பார்த்தான். இது அவனுக்குப் புதிது.

மாலையில் குரு மடத்துக்கு வந்து பூதலிங்கத்திடம், ஏழு பேரில் ஆறு பேர் ஒரே பதில் சொன்னார்கள் என்று சொல்லி, அந்தப் பதிலையும் சொன்னார்.

"எந்த விசில்?" என்றார் பூதலிங்கம்.

பிறகு அவருக்கே நினைவு வந்தது. நோட்டை எடுத்துக் காட்டினார். கதவு ரப்பர் மாற்ற வேண்டும் என்று ஆனி பதினாறாம் தேதியே எழுதி வைத்திருந்தார்.

"மாத்தாதீங்க" என்றார் குரு.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு, இன்னும் ஏழு மூட்டை மணலை வேனில் ஏற்றச் சொன்னார். முன்னால் அல்ல. நோயாளிகள் உட்காரும் சீட்டில், ஆளுக்கொன்று. பூதலிங்கம் ஒவ்வொரு மூட்டையையும் கயிறு போட்டுக் கட்டினார். செண்பகவல்லி உட்காரும் சீட்டில் இருந்ததற்கு மட்டும் இரண்டு சுற்று சுற்றினார். கனம் கூடுகிறது என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

குரு தன் பழைய பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு விரல் நீளம் வெட்டினார். சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங்கின் உச்சி எதுவோ அங்கே ஒட்டினார். முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

தெற்கே முப்பந்தல் வரை போய்த் திரும்பினார்கள். வேகம் ஐம்பது. விசில் அடித்தது. காற்று வேனை வலது பக்கம் தள்ள, பூதலிங்கம் இடது பக்கம் பிடித்திருந்தார். பிளாஸ்திரி உச்சியை விட்டு இரண்டு விரல் இடது பக்கம் நின்றது. சாலை நேராகத்தான் இருந்தது.

பாறை வந்தது. விசில் நின்றது.

"ஒண்ணு" என்றார் குரு. நாடி எண்ணுகிற குரல். "ரெண்டு. மூணு."

மூன்றில்தான் கை தளர்ந்து பிளாஸ்திரி உச்சிக்கு வந்தது. அதற்குள் இடது சக்கரம் ஓரத்து வெள்ளைக் கோட்டில் ஏறியிருந்தது.

பூதலிங்கம் தான் உடனே திருப்பிவிட்டதாகச் சொன்னார். குரு வாதாடவில்லை. அடுத்த சுற்றில் நீங்களே எண்ணுங்கள் என்றார்.

அடுத்த சுற்றில் அவரே எண்ணினார். மூன்று வந்தது.

வேனை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பாறையின் மறைவில் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டிப் பிடித்தார். துண்டு அசையாமல் தொங்கியது. எந்தப் பக்கமும் போகவில்லை. நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"காத்து இழுக்கலை" என்றார்.

குரு கேட்டுக்கொண்டார்.

"இதே கைதாம்மா. இதே ரோட்டில முப்பத்தொரு வருஷம். ஒருநாள்கூட இப்படி ஆனதில்லை."

"பஸ் எத்தனை டன்?"

"ஆளோட பதினாலு வரும்."

"அது பொறுத்துக்கிட்டது."

பூதலிங்கம் வண்டியை எடுத்தார். அரைக் கிலோமீட்டர் போகும்வரை கியர் மாற்ற மறந்திருந்தார்.

மூன்றாவது சுற்றில் இரண்டு எண்ணும்போது பிளாஸ்திரி உச்சிக்கு வந்தது. நாலாவது சுற்றிலும் இரண்டு. அவருக்கு அது போதவில்லை. நோட்டில் எழுதுகிறவர், இரண்டு இருக்கும் இடத்தில் சைபர் வேண்டும் என்று நினைக்கிறவர். ஐந்தாவது சுற்றில், பாறையின் முனை கண்ணுக்குத் தெரிந்ததுமே கையை நேராக்கினார்.

விசில் இன்னும் நிற்கவில்லை.

வேன் வலது பக்கம் சறுக்கியது. அந்த நேரம் ஒரு லாரி அவரை முந்திக்கொண்டு வந்தது. ஹாரன் சத்தம் வேனுக்குள்ளேயே அடித்தது போல் இருந்தது. லாரியின் பக்கப் பலகைக்கும் வேனின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். லாரி போய்விட்டது.

பூதலிங்கம் பாறையைத் தாண்டி நிறுத்தினார்.  இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்தார்.  பின்னால் ஏழு மூட்டையில் ஒன்று கயிற்றோடு சரிந்து கிடந்தது. அது யாருடைய சீட் என்று அவர் திரும்பிப் பார்த்தார். தாசையாவுடையது.

குரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பிந்தினா மேற்கே போவுது. முந்தினா கிழக்கே போவுது. சரியா எந்த இடத்துல கையை விடணும், சொல்லுங்கம்மா."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அண்ணாச்சி."

பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். காற்றில் வேன் நின்ற இடத்திலேயே லேசாக ஆடியது.

குரு, தான் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். ரத்தம் சுத்திகரிக்கும்போது சிலருக்குத் திடீரென்று பிரஷர் இறங்கிவிடும். இறங்கியபின் மெஷின் சொல்லும். மெஷின் சொன்னபின் நர்ஸுக்குத் தெரியும். அதற்குள் அந்த ஆளுக்குக் கண் இருட்டியிருக்கும். வார்டில் மொத்தம் ஐந்து நர்ஸ். எல்லோரையும் விட வேகமாக ஓடுகிறவர் ஆவுடையம்மைதான். அவரும் ஒரு நாளும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

"அப்ப என்ன செய்வீங்க?"

"அந்த மாதிரி ஆளுக்கு மெஷினை மெதுவா ஓட்டுவேன்."

பூதலிங்கம் சரிந்த மூட்டையை நிமிர்த்திக் கட்டினார். வண்டியை எடுத்தார். ஆறாவது சுற்று. பாறைக்கு இருநூறு அடி முன்னாலேயே வேகத்தை முப்பதுக்குக் கொண்டுவந்தார். வேகம் குறைந்ததும் காற்றுக்கு எதிராகப் பிடிக்க வேண்டியதும் குறைந்தது. பிளாஸ்திரி உச்சியிலிருந்து அரை விரல்தான் தள்ளி நின்றது.

விசில் நின்றது. ஒண்ணு. ரெண்டு.

அதே இரண்டுதான். ஆனால் சக்கரம் வெள்ளைக் கோட்டின் பக்கம் போகவில்லை. பின்னால் ஒரு மூட்டையும் அசையவில்லை. பின்னால் வந்த கார்க்காரன் மட்டும் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. பூதலிங்கத்தின் காது சிவந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் அவரை யாரும் இப்படி விரட்டியதில்லை.

அன்று நோட்டில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. குருவும் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு ஊராக ஆறு பேர் ஏறினார்கள். தாசையா ஏறும்போது தன் சீட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்களே, ஆள் நல்ல கனம் போல என்றார். பூதலிங்கம் அன்று சிரித்தார்.

ஏழாவது வீட்டில் செண்பகவல்லி புறப்பட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. இரவு படுக்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்கு முன்னால் இசக்கிராஜ் நின்றான்.

பூதலிங்கம் இறங்கினார். குரு இறங்கவில்லை.

"இனிமே இப்படி நடக்காதுன்னு சொல்லுங்க. ஏத்தி விடுதேன்."

பூதலிங்கம் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருடம் என்று தொடங்கத்தான் திறந்தார். வேனுக்குள் ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர் திரும்பிக் குருவைப் பார்த்தார். குரு கண்ணாடி வழியாகத் தெருவில் ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து நிக்கிற இடத்துல என் கை பிந்துது, தம்பி. அன்னைக்கு வண்டியை இறக்குனது காத்து இல்லை, நான்தான். ரெண்டு எண்ணுத நேரம் பிந்துது. அதை ஒண்ணும் செய்ய முடியலை. அதனால அந்த இடத்துல முப்பதுக்கு மேல போகமாட்டேன்."

இசக்கிராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. 

"அப்போ உங்க கை சரியாகலை."

"இல்லை."

அவன் அம்மாவைப் பார்த்தான். செண்பகவல்லி ஏற்கனவே சுவரைப் பிடித்து எழுந்திருந்தாள். அவன் அவளைப் பிடித்து ஏற்றினான். கம்பி அவளது நல்ல கைப் பக்கம் வருகிற மாதிரி சீட் மாற்றி உட்கார வைத்தான். தானும் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். வேலைக்குப் போகவில்லையா என்று தாசையா கேட்டதற்கு, இன்று ஒருநாள் போகவில்லை என்றான்.

பிற்பகல் மூன்றேகாலுக்குத் திரும்பினார்கள். ஏழு பேரும் களைத்திருந்தார்கள். தூங்குகிறவர் தூங்கிவிட்டார். முப்பந்தலில் விசில் தொடங்கியது. காற்று அன்று வியாழக்கிழமையை விடக் கூடுதல். காற்றாலைகளின் இறக்கைகள் கண்ணில் நிற்காமல் சுற்றின. இசக்கிராஜ் முன்னால் நகர்ந்து வந்து, அம்மாவின் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான்.

பூதலிங்கம் வேகத்தைக் குறைத்தார். ஐம்பது. நாற்பது. முப்பது. பின்னால் ஒரு லாரி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"பின்னால கல்யாண ஊர்வலம் மாதிரி வருது, அண்ணாச்சி" என்றார் தாசையா. யாரும் சிரிக்கவில்லை.

விசில் நின்றது.

ஆறு கைகள் கம்பியைப் பிடித்தன. ஒண்ணு, ரெண்டு என்று பூதலிங்கம் மனதுக்குள் எண்ணினார். வேன் பாறையின் ஓரமாக ஊர்ந்து போனது. பாறை முடிந்தது. விசில் மறுபடி தொடங்கியது. தூங்கினவர் விழிக்கவில்லை.

செண்பகவல்லி கம்பியை விட்டுவிட்டுக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். கட்டு காய்ந்திருந்தது.

அவளது வீட்டு வாசலில் இசக்கிராஜ் அவளை இறக்கினான். படியேற்றி உள்ளே விட்டுவிட்டு, மறுபடி வேனின் பக்கம் வந்தான். வந்தவன் சிறிது நேரம் டயரைப் பார்த்தான்.

"வியாழக்கிழமையும் ஆறரைக்குத்தானே?"

"ஆறரை" என்றார் பூதலிங்கம்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

மற்ற ஆறு பேரையும் விட்டபின் வேனில் குருவும் சீடரும் மட்டும் இருந்தார்கள்.  மடத்துத் திருப்பத்தில் திரும்பியபின் பூதலிங்கம் கேட்டார்.

"இன்னைக்கும் ரெண்டுதாம்மா வந்துது. இந்தக் கை பிந்தாம இருக்கிற நாள் ஒண்ணு வருமா?"

குரு ஸ்டியரிங்மேல் இருந்த அவருடைய கையைப் பார்த்தார்.

"பிந்தாத கையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை, அண்ணாச்சி. பிந்தும்னு தெரிஞ்ச கையிலதான் இன்னைக்கு ஏழு பேரும் வீடு போய்ச் சேர்ந்தாங்க."